பாய்லர் ரூம் பதில்கள்: கிடைக்காத ஸ்பேரும் பழைய நீலகிரியும்

(போன இதழில், கடற்படையில் நான் பாய்லர், எஞ்சின் பக்கம் வேலை பார்த்த ஃபிரிகேட் (நடுத்தர அளவுப் போர்க்கப்பல்) கப்பல்களைப் பற்றி நாலு பத்தி எழுதியிருந்தேன். அதில் போகிறபோக்கில், "எங்களுக்கு எதிரி கடலில் இல்லை, ஸ்டோர் கவுண்டரில் இருந்தான்" என்று ஒரு வரி. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஆளாளுக்குக் கடிதம் போட்டிருக்கிறார்கள். முடிந்தவரை பதில் சொல்கிறேன்.)

2025 ஜனவரியில் மும்பையில் 'ஐஎன்எஸ் நீலகிரி'யைக் கடற்படையில் சேர்த்தார்கள் என்று படித்தேன். நீங்களோ நாற்பது வருஷத்துக்கு முன்பே நீலகிரி வகுப்புக் கப்பலில் வேலை பார்த்ததாக எழுதுகிறீர்கள். எது சரி?
— வாசகர், குன்னூர்

குன்னூர்க்காரர் கேட்காமல் வேறு யார் கேட்பது! இரண்டும் சரி. நம் கடற்படையில் ஒரு கப்பல் ஓய்வு பெற்றால் அதன் பெயர் சும்மா கிடக்காது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற மாதிரி, புதுக் கப்பலுக்கு வந்துவிடும்.

என்னுடையது தாத்தா நீலகிரி வகுப்பு. ஆங்கிலேயர்கள் 'லியாண்டர்' என்று ஒரு ஃபிரிகேட் வகுப்பு வைத்திருந்தார்கள். தங்கள் கடற்படைக்கு மட்டும் 26 கப்பல் கட்டினார்கள். அந்த வரைபடத்தை வாங்கி பம்பாய் மசகான் டாக்கில் நாம் 6 கட்டினோம்: நீலகிரி, ஹிம்கிரி, உதயகிரி, துனாகிரி, தாராகிரி, விந்தியகிரி. ஆறும் மலைப்பெயர். முதலாவது 1972-ல் சேவைக்கு வந்தது, கடைசியானது 1981-ல். இந்த அளவுப் போர்க்கப்பலை இந்தியாவில் கட்டியது அதுதான் முதல் தடவை.

அந்தப் பழைய நீலகிரி என்ன ஆனது என்றும் கேட்டிருக்கிறீர்கள். 1996-ல் ஓய்வு. அடுத்த வருஷம் நடுக்கடலில் இலக்காக நிறுத்தி, சீ ஹாரியர் விமானத்திலிருந்து சீ ஈகிள் ஏவுகணை விட்டு மூழ்கடித்தார்கள். அந்த வகுப்பில் வேலை செய்தவர்கள் சிலருக்கு அது வருத்தம். எனக்கு இல்லை. கப்பல் உடைக்கும் கரையில் கேஸ் கட்டருக்குத் துண்டு துண்டாகப் போவதைவிட அது தேவலை.

ஒரே வகுப்பில் ஆறு கப்பல் இருந்தால், ஒன்றின் உதிரி பாகம் மற்றதற்குப் பொருந்தாதா? பிறகு ஏன் ஸ்பேர் கிடைக்கவில்லை என்று புலம்புகிறீர்கள்?
— வாசகர், தூத்துக்குடி

நியாயமான கேள்வி. வேலையில் சேர்ந்த புதிதில் நானும் இப்படித்தான் நினைத்தேன்.

1972-க்கும் 1981-க்கும் நடுவில் ஒன்பது வருஷம். அந்த ஒன்பது வருஷத்தில் ஒவ்வொரு கப்பலுக்கும் ஏதோ ஒன்று மாறிக்கொண்டே வந்தது. நீலகிரியில் ரேடார் ஆங்கிலேயருடையது. அடுத்த ஹிம்கிரியிலிருந்து டச்சுக்காரர்களின் சிக்னால் ரேடார். கடைசி இரண்டில் இன்னும் பெரிய மாற்றம்: சீ கிங் ஹெலிகாப்டர் ஏற வேண்டும் என்று பின்தளத்தையே மாற்றி, மடக்கி நீட்டுகிற ஹாங்கர் (ஹெலிகாப்டர் கொட்டகை) வைத்தார்கள். நீர்மூழ்கியை அடிக்க அதுவரை இருந்த மார்ட்டர் போய், இத்தாலிய டார்பிடோவும் போஃபர்ஸ் ராக்கெட்டும் வந்தன. கீழே எங்கள் பக்கமும் அதே கதைதான். முதலில் எல்லாம் இறக்குமதி. பிறகு டர்பைன் போபால் பெல் தொழிற்சாலையில், கியர்பாக்ஸ் வால்சந்த்நகரில் என்று ஒவ்வொன்றாக நம் ஊருக்கு வந்தது. நாட்டுக்கு அது பெருமை, சந்தேகமே இல்லை. ஸ்டோர்க்காரனுக்குத்தான் தலைவலி. ஆறும் கூடப்பிறந்தவர்கள் என்று பெயர். உள்ளே போய்ப் பார்த்தால் பங்காளிகள்.

ஒரு சம்பவம். கப்பலின் பெயர் வேண்டாம். 80-களில் எங்கள் கப்பலில் ஒரு ஃபயர் பம்ப் கெட்டது. கடல் நீரை உறிஞ்சி, தீயணைக்கும் குழாய்க்குத் தள்ளுகிற பம்ப். திறந்து பார்த்தால், உள்ளே சுழல்கிற இம்பெல்லரின் இறக்கைகள் கரையான் அரித்த ஓலை மாதிரி இருந்தன. கடல் நீருக்கு அந்தக் குணம் உண்டு. வேகமாக ஓடினால் வெண்கலத்தையும் தின்னும். புதியது கேட்டு டிமாண்ட் போட்டோம். 'என்.ஏ.' என்று திரும்பி வந்தது. கைவசம் இல்லை என்று அர்த்தம். இந்த இரண்டெழுத்தைப் பார்க்காத நாள் எங்கள் வாழ்வில் குறைவு.

பக்கத்து ஜெட்டியில் எங்கள் வகுப்புக் கப்பல் இன்னொன்று ரீஃபிட்டில், அதாவது பெரிய பராமரிப்பு வேலையில், நின்றது. அதே பம்ப், அதே இடம், வெளியே அதே பச்சை பெயின்ட். அங்கிருந்த சீஃப் (மூத்த மாலுமி), லோணாவாலாவில் கடற்படை எஞ்சினியரிங் பயிற்சிப் பள்ளியான 'சிவாஜி'யில் எனக்கு ஒரே பேட்ச். கேட்டதும் கழற்றிக் கொடுத்தான். சாக்கில் சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வந்து மாட்டினால், ஷாஃப்டில் ஏறவில்லை. துளை ஒரு நூலிழை சின்னது. எங்கள் பம்ப் இன்ச் கணக்கு, அவனுடையது மில்லிமீட்டர். இடையில் யாரோ எங்கோ அளவை மாற்றியிருக்கிறார்கள், பட்டியலில் ஒரே நம்பர்!

துளையைக் கடைந்து பெரிதாக்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கடைந்திருந்தால் அவன் கப்பலுக்கு அது உதவாது. திரும்ப அதே சாக்கில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் சிரித்தான். நானும் சிரித்தேன் என்று சொன்னால் பொய்.

அந்த மாதிரி நேரத்தில் என்னதான் செய்வீர்கள்? சொந்தமாகச் செய்துகொள்ள முடியாதா?
— வாசகர், கோயம்புத்தூர் (ஃபவுண்டரி வைத்திருக்கிறாராம்)

ஃபவுண்டரிக்காரருக்கு விளக்கமாகவே சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள்.

முதல் சிக்கல் அளவு. வரைபடம் கிடையாது, செய்த கம்பெனி வெளிநாட்டில், கடிதம் போட்டால் அந்த மாடலை நிறுத்திவிட்டோம் என்று பதில். கையில் இருப்பது அரித்துப்போன பழைய இம்பெல்லர் மட்டும். தேய்ந்ததை அளந்து புதிது செய்தால், புதிதாகவே தேய்ந்த ஒன்று கிடைக்கும். எனவே இம்பெல்லரை விட்டுவிட்டு, அது உட்காருகிற கூட்டை அளக்க வேண்டும். தண்ணீர் படாத இடம், ஷாஃப்டோடு ஒட்டியிருந்த இடம், இம்பெல்லரை ஷாஃப்டோடு பூட்டுகிற 'சாவி'த் துண்டு உட்காருகிற பள்ளம்: இவைதான் பொய் சொல்லாத இடங்கள். அங்கிருந்து கணக்குப் போட்டு இறக்கை எவ்வளவு அகலம் இருந்திருக்கும் என்று பின்னோக்கிப் போனோம். இரண்டு நாள் ஆயிற்று.

டாக்யார்ட் ஃபவுண்டரியில் மரத்தில் அச்சு செய்கிற மேஸ்திரி ஒருவர் இருந்தார், கொங்கணிக்காரர். என் படத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு தன் பெட்டியிலிருந்து ஒரு ஸ்கேலை எடுத்தார். என் ஸ்கேலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒத்துவரவில்லை. அவருடைய ஒரு அடி, என்னுடையதைவிட ஒரு இன்ச்சில் பதினாறில் மூன்று பங்கு நீளம். "இது பொய் ஸ்கேல். கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) ஆறும்போது சுருங்கும். சுருங்கிய பிறகு உன் ஸ்கேல் சொல்வது நிஜமாகும்" என்றார். இரும்புக்கு வேறு பொய் ஸ்கேல், எஃகுக்கு வேறு. மூன்றும் அவர் பெட்டியில் இருந்தன. உங்களுக்கு இதெல்லாம் அன்றாடம். எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

வார்த்து, கடைந்து முடித்ததும் அவசரமாகக் கப்பலுக்கு எடுத்துப் போகப் பார்த்தேன். விடவில்லை. ஒரு தண்டில் கோத்து, கத்திமுனை மாதிரி இரண்டு இரும்புப் பட்டையில் சமமட்டமாகக் கிடத்தினார். இம்பெல்லர் தானாக மெதுவாக உருண்டு ஒரு பக்கம் கீழே வந்து நின்றது. அந்தப் பக்கம் கனம். அரத்தால் இரண்டு இழுப்பு, மறுபடி கிடத்திப் பார்ப்பது, மறுபடி இரண்டு இழுப்பு. எந்த நிலையில் விட்டாலும் விட்ட இடத்திலேயே நிற்கிற வரை இதைச் செய்தார். முக்கால் மணி நேரம். அந்த வேலையைச் செய்யாமல் மாட்டியிருந்தால், பம்ப் அதிர்ந்து ஒரு மாதத்தில் பேரிங் போயிருக்கும்.

நான் அந்தக் கப்பலை விட்டு மாறுகிற வரை அந்த இம்பெல்லர் ஓடியது. ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்: ஆர்டர் போட்ட அசல் ஸ்பேர் பதினோரு மாதம் கழித்து வந்தது. பெட்டியைத் திறந்து ஷாஃப்டில் வைத்துப் பார்த்தோம். மில்லிமீட்டர்.

ஒரு கப்பலில் கழற்றி இன்னொரு கப்பலில் மாட்டுவது தினசரி நடப்பதா? அது சரியா?
— வாசகி, திருநெல்வேலி

நடக்கும். 'கனிபலைஸ்' பண்ணுவது என்போம். பெயரே நரமாமிசம் தின்பது. உலகத்தில் எல்லாக் கடற்படையிலும் உண்டு. நாளைக் காலையில் ஒரு கப்பல் புறப்பட வேண்டும், இன்னொன்று ஆறு மாத ரீஃபிட்டில் நிற்கிறது என்றால், எந்தக் கமாண்டரும் அதைத்தான் செய்யச் சொல்வார்.

எனக்குப் பிடிக்காது. கழற்றுகிற போது நல்ல ஜாயின்ட் ஒன்று கிழியும், துருப்பிடித்த போல்ட் இரண்டு உடையும். ஒரு பழுது இருந்த இடத்தில் இரண்டு பழுது. கொடுத்த கப்பலில் அந்த ஓட்டைக்கு ஒரு அட்டை கட்டித் தொங்கவிடுவோம். ரீஃபிட் முடிகிற போது அந்த அட்டையைப் பார்த்து ஒரு புது சீஃப் எங்கள் பரம்பரையையே திட்டுவார். வேறு வழி இல்லாமல் நானும் செய்திருக்கிறேன், என்னையும் திட்டியிருப்பார்கள்.

ஓய்வு பெற்ற கப்பலிலிருந்து எடுப்பது வேறு விஷயம். அது புத்திசாலித்தனம். அந்தமட்டில் நம் ஆட்களைப் பாராட்ட வேண்டும். லியாண்டரை வைத்திருந்த மற்ற நாடுகளின் கதையையும் சேர்த்துச் சொல்லலாம். நியூசிலாந்து தன் கப்பல்களோடு, ஆங்கிலேயர்களின் பழைய லியாண்டர் இரண்டையும் வாங்கிக்கொண்டது. டச்சுக்காரர்கள் கட்டிய ஆறும் இந்தோனேசியாவுக்குப் போயின. இந்தோனேசியர்கள் ஒரு கட்டத்தில் நீராவி மெஷினரியையே வெளியே எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் வைத்தார்கள். நாமும் ஆங்கிலேயர்களின் 'ஆண்ட்ரோமெடா'வை 1995-ல் வாங்கி, 'கிருஷ்ணா' என்று பெயர் வைத்துப் பயிற்சிக் கப்பலாக ஓட்டினோம்.

கப்பலுக்குள் ஸ்பேர் எங்கே வைப்பீர்கள்? தனிக் கிடங்கா?
— வாசகர், ராமநாதபுரம்

கிடங்கா? நல்ல வேடிக்கை. லியாண்டர் 113 மீட்டர் நீளம், 250 பேருக்கு மேல் ஆள். நாங்கள் படுப்பதற்கே இடம் கிடையாது. ஸ்டோர் என்று சின்னச் சின்ன அறைகள் உண்டு, அதற்கு மேல் படிக்கட்டுக்கு அடியில், குழாய்களுக்கு நடுவில், எங்கெல்லாம் ஒரு பெட்டி நுழையுமோ அங்கெல்லாம். கப்பலோடு போவது 'ஆன்போர்டு ஸ்பேர்'. கரையில் இருப்பது 'பேஸ் அண்ட் டிப்போ'. ஒவ்வொன்றுக்கும் பேட்டர்ன் நம்பர். அந்த நம்பரில் ஓர் இலக்கம் தப்பினால் வால்வுக்குப் பதில் வாளி வரும்.

கோதாவரி வகுப்பில் ரஷ்ய ஆயுதமும் மேற்கத்திய ரேடாரும் கலந்திருந்ததாமே. அது எப்படி ஒத்துப்போனது?
— கல்லூரி மாணவர், காரைக்குடி

நல்ல கேள்வி, தம்பி. கோதாவரி, கங்கா, கோமதி என்று மூன்று. முதலாவது 1983 டிசம்பரில் சேவைக்கு வந்தது. லியாண்டரை எடுத்து நம் வடிவமைப்பாளர்களே 126 மீட்டருக்கு நீட்டினார்கள். எஞ்சின் அதேதான்: இரண்டு பாய்லர், இரண்டு டர்பைன், 30,000 குதிரைத்திறன். உடம்பு பெருத்தும் அதே எஞ்சினில் 27 நாட் (மணிக்கு 27 கடல் மைல்) போனது. கீழே வேலை செய்தவர்களுக்கு அது பெரிய வரம். லியாண்டரில் கற்ற கை அங்கேயும் செல்லும், டர்பைன் ஸ்பேரும் செல்லும்.

சிக்கல் மேலே. சோவியத் ஏவுகணைகளும் 57 மி.மீ. பீரங்கியும் ஒரு பக்கம், டச்சு ரேடார் ஒரு பக்கம். லியாண்டர் பரம்பரையில் மின்சாரம் 440 வோல்ட், 60 சைக்கிள். சோவியத் சாமான் கேட்பது 380 வோல்ட், 50 சைக்கிள். ஒரே கப்பலுக்குள் இரண்டு விதமான கரன்ட்! மாற்றிக் கொடுக்கத் தனி இயந்திரம், அந்த இயந்திரத்துக்குத் தனி ஸ்பேர். கையேடுகள் ஆங்கிலத்தில் பாதி, ரஷ்ய மொழியிலிருந்து பெயர்த்தவை பாதி. என் நண்பர் ஒருவர் ரஷ்ய எழுத்தைப் படிக்கத் தெரியாமலே, எழுத்தின் உருவத்தை வைத்துப் பெட்டியை அடையாளம் கண்டுபிடிப்பார். 'கவிழ்ந்த ஆர் போட்ட பெட்டி' என்பார். சரியாக இருக்கும்.

உக்ரைன் போரால் நம் ஃபிரிகேட்டுகளுக்குப் பாதிப்பு உண்டா?
— வாசகர், சென்னை–40

உண்டு, அதுவும் 2014-லிருந்தே. தல்வார் வகுப்பு ரஷ்யாவில் கட்டியது. ஆனால் அதன் கேஸ் டர்பைன்கள் உக்ரைனில் மைக்கோலைவ் நகரத்து ஸோர்யா மாஷ்ப்ரோயெக்ட் தொழிற்சாலையில் செய்தவை. கப்பலுக்கு நான்கு. சோவியத் காலத்தில் இரண்டும் ஒரே நாடு, யாரும் இதைப் பற்றி யோசிக்கவில்லை.

2014-ல் கிரைமியா தகராறு வந்ததும் உக்ரைன், ரஷ்யாவுக்கு டர்பைன் தருவதை நிறுத்தியது. ரஷ்யா தன் கடற்படைக்கே அதே வகையில் ஆறு கட்டத் திட்டமிட்டிருந்தது. மூன்று முடிந்தது, மற்றவை எஞ்சின் இல்லாமல் காலினின்கிராடு கட்டுமானத்தளத்தில் நின்றுபோயின. அந்த அரைகுறைக் கப்பல்களில் இரண்டைத்தான் நாம் எடுத்துக்கொண்டோம். டர்பைனை உக்ரைனிடம் நாமே வாங்கி, ரஷ்யாவுக்கு அனுப்பி, மாட்டச் சொன்னோம். ஒன்று 'துஷில்', 2024 டிசம்பரில் வந்தது. மற்றது 'தமால்', 2025 ஜூலையில். சண்டை போடுகிற இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்று, ஒரு வீட்டுக் கதவை இன்னொரு வீட்டு நிலையில் பொருத்திய கதை.

கொல்கத்தா, விசாகப்பட்டினம் வகுப்பு டெஸ்ட்ராயர்களிலும் அதே தொழிற்சாலை டர்பைன்தான். எனவே தலைவலி பெரியது. புது நீலகிரியில் வேறு வழி: அமெரிக்க எல்எம்2500 டர்பைன், பெங்களூரு எச்ஏஎல் மூலமாக, கூட ஜெர்மன் மான் டீசல். என்னைக் கேட்டால், கப்பல் சாமான் விஷயத்தில் ஒரே கடையில் கணக்கு வைப்பது தப்பு, பத்துக் கடையில் வைப்பதும் தப்பு. முதல் தப்பை தல்வாரில் செய்தோம், இரண்டாவதை கோதாவரியில்.

பாய்லர் ரூமில் உங்களுக்குப் பயமாக இருந்ததில்லையா?
— பள்ளி மாணவி, நாகப்பட்டினம்

இருந்தது, கண்ணு. எங்கள் பாய்லரின் நீராவி சதுர இன்ச்சுக்கு 550 பவுண்டு அழுத்தம், 450 டிகிரி செல்சியஸ் சூடு. இட்லிப் பானையில் வருகிற வெள்ளைப் புகை மாதிரி இது கண்ணுக்குத் தெரியாது. குழாயில் ஊசித்துளை விழுந்தால் 'உஸ்ஸ்' என்று சத்தம் மட்டும் வரும், எங்கிருந்து என்று தெரியாது. கையை நீட்டித் தேடினால் கை போய்விடும். பழைய ஆட்கள் விளக்குமாற்றுக் கட்டையை முன்னால் நீட்டிக்கொண்டு மெதுவாக நடப்பார்கள். கட்டை எங்கே வெட்டுப்படுகிறதோ, அங்கே கசிவு. எனக்கும் அதைத்தான் முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்.

கடைசியாக ஒன்று. கப்பலில் அதிகமாகச் செலவாகிற ஸ்பேர் எது? ஏவுகணையா, எஞ்சின் பாகமா?
— வாசகர், மதுரை

ஜாயின்ட். இரண்டு குழாய் சேருகிற இடத்தில் நடுவே வைக்கிற வளையம். நீங்கள் கேஸ்கெட் என்பீர்கள். வால்வைத் திறந்தால் புது ஜாயின்ட், பாய்லர் கதவைத் திறந்தால் புது ஜாயின்ட். பழசை மறுபடி போட்டவன் இரவில் தூங்க மாட்டான்.

நீராவி பாய்கிற இடங்களுக்கு அளவெடுத்துச் செய்த உலோக ஜாயின்ட் ஸ்டோரிலிருந்துதான் வர வேண்டும். தண்ணீர், எண்ணெய்க் குழாய்களுக்கு நாங்களே வெட்டிக்கொள்வோம். தகட்டை அந்த வாய் மேல் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்பைச் சுற்றி மெல்லத் தட்டிக்கொண்டே போவோம். விளிம்பு தானாக வெட்டிக்கொடுக்கும். போல்ட் துளைக்கு அதே சுத்தியலின் உருண்டைப் பக்கம், ஒரே தட்டு. பாய்லர் ரூமில் மாலை வாட்ச் (பணிமுறை) முடிகிற நேரத்தில் நாலைந்து பேர் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருப்போம். அப்போது அந்தத் தகடு பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ். தூள் மடியில் விழும்; தட்டிவிட்டு டீ குடிக்கப் போவோம். முகமூடி என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. இப்போது வருஷத்துக்கு ஒரு தடவை நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துக்கொள்கிறேன். இந்த வருஷம் சுத்தமாக இருக்கிறது என்றார் டாக்டர்.